அடுத்த முகாமையாளர் யார் எண்டு கேட்கிறதுக்கு முதல்

மன்செஸ்டர் யுனைட்டட் மறுபடியும் முகாமையாளர் தேடுகிறது. 2026 ஜனவரி 5ஆம் திகதி ரூபன் அமோரிமை வீட்டுக்கு அனுப்பினார்கள். பருவகாலம் முடியும்வரை பொறுப்பு மைக்கல் கரிக்கிடம். 2013இல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வுபெற்ற பிறகு மோய்ஸ், வான் ஹால், மொறீன்யோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று ஆறு பேரை நிரந்தர நியமனம் என்று சொல்லிக் கொண்டுவந்தாயிற்று. நடுவில் ராங்னிக் அரைப் பருவம் வந்துபோனார். இப்போது ஏழாவது ஆளைத் தேடவேண்டும்.

எங்கட வட்ஸ்அப் குழுக்களில் இந்தத் தேர்தல் எப்பவோ தொடங்கிவிட்டது. ஒருத்தன் சிடான் என்கிறான். ஒருத்தன் கிளாஸ்னர் என்கிறான். கரிக் வந்த கையோடு சிட்டியை 2-0 என்றும் ஆர்சனலை 3-2 என்றும் அடுத்தடுத்து வென்றதால், "இனி என்ன தேடுறது, இவரையே வச்சிருங்கோ" என்கிறவர்கள்தான் இப்ப கூட.

எனக்கு இந்தப் பெயர்ப் பட்டியலில் ஆர்வம் இல்லை. யார் வரவேண்டும் என்பது இந்தக் கழகம் கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. பதின்மூன்று வருசமாக அதைத்தான் முதலாவதாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். பிரச்சினையே அதுதான்.

ஒரு குளிசைக்கு மாற்றுக் குளிசை

இந்த ஆறு பேரும் தெரிவான விதத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஃபெர்குசன் போகும்போது தன்னைப் போலவே ஒருவரைக் கைகாட்டிவிட்டுப் போனார். டேவிட் மோய்ஸும் கிளாஸ்கோக்காரர், ஒரே கழகத்தில் பதினொரு வருசம் இருந்தவர், கண்டிப்பானவர். ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்து மாதம்கூட முடியவில்லை, 2014 ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பெரிய கிண்ணங்கள் வென்ற அனுபவம் இல்லை என்பது குற்றச்சாட்டு. உடனே உலகத்தின் பெரிய கிண்ணங்கள் எல்லாம் பார்த்த லூயி வான் ஹாலைக் கூட்டிவந்தார்கள். அவருடைய ஆட்டம் தூக்கம் வரவழைக்குது என்றார்கள். 2015-16 பருவத்தில் லீக்கில் அடித்தது மொத்தம் 49 கோல்தான். எஃப்.ஏ கிண்ணம் வென்று இரண்டு நாளில் அவரும் போனார்.

அழகு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வென்று தருகிற ஆள் வேணும் என்று மொறீன்யோ வந்தார். லீக் கிண்ணமும் யூரோப்பா லீக்கும் வென்றார். பிறகு வீரர்களோடும் நிர்வாகத்தோடும் சண்டை. சரி, சண்டை போடாத, சிரித்த முகமான, கழகத்தின் பழைய பிள்ளை ஒருவர் வேணும் என்று சோல்ஷார். அவரிடம் தெளிவான ஆட்டமுறை இல்லை என்று சொல்லி, ஆட்டமுறைக்குப் பேர்போன அயாக்ஸிலிருந்து டென் ஹாக். அவர் அந்த முறையையே இங்கே மறந்துவிட்டார் என்று சொல்லி, தன்னுடைய 3-4-3ஐ எந்த நிலையிலும் கைவிடாத அமோரிம். இப்ப அமோரிம் பிடிவாதக்காரர் என்பதால், பிடிவாதம் இல்லாத ஒருவரைத் தேடுகிறோம்!

தலையிடிக்குப் போட்ட குளிசை வயிற்றைக் குழப்ப, அதுக்கு வேறொரு குளிசை, அது தலையைச் சுத்த, அதுக்கு இன்னொன்று. நோய் என்ன என்று யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் முன்னவரின் குறைக்கு மருந்தாகத் தெரிவானார்கள். இந்தக் கழகம் எப்படி ஆடவேண்டும் என்ற கேள்விக்குப் பதிலாக ஒருவரும் தெரிவாகவில்லை.

இதன் விலையைக் கட்டுவது அணி. டென் ஹாக் வந்தால் அயாக்ஸில் அவரோடு இருந்த அன்டனிக்கு 95 மில்லியன் யூரோ. மொறீன்யோ 2018 கோடையில் மத்திய பின்கள வீரர் ஒருவரைக் கேட்டுக் கெஞ்சினார், கொடுக்கவில்லை. அவரை அனுப்பிவிட்டு அடுத்த கோடையில் மகுவயருக்கு 80 மில்லியன் பவுண் கொடுத்தார்கள். 2024 கோடையில் டென் ஹாக்குக்காக ஐந்து புதிய வீரர்களை வாங்கினார்கள். ஒக்டோபர் 28ஆம் திகதி அவரையே அனுப்பினார்கள். பிறகு வந்தவர் விங்க்பெக் இல்லாமல் ஆடவே மாட்டாதவர். அணியிலோ அந்த இடத்துக்குப் பழகிய ஆள் ஒருவரும் சரியாக இல்லை. பருவம் முடிந்த பிறகு வாறேன் என்று அமோரிம் கேட்டதாகவும், இப்ப வந்தால் வா, இல்லையென்றால் இல்லை என்று கழகம் சொன்னதாகவும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முடிவு: 2024-25இல் 42 புள்ளிகள், பதினைந்தாம் இடம். 1974இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதற்குப் பிறகு இதுதான் ஆகக் கீழான இடம்.

மோய்ஸ் காலத்திலும் இதே கதைதான். எவர்ட்டனில் ஃபெலெய்னியை 23.5 மில்லியன் பவுணுக்கு எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு திகதி இருந்தது. அந்தத் திகதி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி நாளில் 27.5 மில்லியன் கொடுத்து எடுத்தார்கள். இது மோய்ஸின் பிழையா? ஃபெர்குசன் போன அதே கோடையில் டேவிட் கில்லும் தலைமை நிர்வாகிப் பதவியை விட்டுப் போனார். பேரம் பேசத் தெரிந்தவர், வீரர்களை நிர்வகிக்கத் தெரிந்தவர் இருவரும் ஒரே நேரத்தில் இல்லை. ஆனால் எல்லாரும் பார்த்தது ஒரு கதிரையை மட்டும்தான்.

வெற்றியில் மயங்கி எழுதும் ஒப்பந்தங்கள்

இப்போது கரிக் விசயத்துக்கு வருவோம். 2018 டிசம்பரில் மொறீன்யோ போனதும் சோல்ஷார் தற்காலிகமாக வந்தார். முதல் எட்டுப் போட்டியும் வெற்றி. 2019 மார்ச் 6 இரவு பரிஸில் பி.எஸ்.ஜியை 3-1 என்று வென்றதை மறக்கமுடியுமா? இலங்கையில் அந்த ஆட்டம் தொடங்கும்போது நேரம் விடிய ஒன்றரை. அடுத்த நாள் ஸ்கூலுக்கும் வேலைக்கும் கண் சிவந்து போனவர்கள் எத்தனை பேர். தற்காலிகமாக இருந்த 19 போட்டிகளில் 14 வெற்றி. மார்ச் 28ஆம் திகதி மூன்று வருட ஒப்பந்தம் கைக்கு வந்தது.

அதுக்குப் பிறகு அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த பத்துப் போட்டிகளில் வென்றது இரண்டு. எவர்ட்டனிடம் 0-4. ஏற்கெனவே தரமிறங்கிவிட்ட ஹடர்ஸ்ஃபீல்டுடன் சமநிலை. கடைசி நாளில், அதேபோல் தரமிறங்கிய கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 0-2.

சோல்ஷார் மோசமான ஆள் என்று நான் சொல்லவரவில்லை. பிறகு மூன்றாம் இடமும் இரண்டாம் இடமும் எடுத்துத் தந்தார். கேள்வி, பருவம் முடிய இரண்டு மாதம் கூட இல்லாதபோது மார்ச் மாதத்தில் ஏன் அவசரப்பட்டார்கள் என்பதுதான். வேறு எந்தக் கழகமும் அவரைக் கொத்திக்கொண்டு போகக் காத்திருக்கவில்லை. கூட்டம் பாடிக்கொண்டிருந்தது, நிர்வாகமும் சேர்ந்து பாடியது.

இன்னொரு வரிசையையும் பாருங்கள். மொறீன்யோவுக்கு 2018 ஜனவரியில் ஒப்பந்த நீடிப்பு, அதே வருடம் டிசம்பரில் நீக்கம். சோல்ஷாருக்கு 2021 ஜூலையில் நீடிப்பு, நவம்பரில் நீக்கம். டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் நீடிப்பு, ஒக்டோபரில் நீக்கம். மூன்று தரமும் ஒரே நாடகம். டென் ஹாக் விசயத்தில் எஃப்.ஏ கிண்ண இறுதிப்போட்டிக்குப் பிறகு வேறு ஆட்களோடு பேசிப் பார்த்துவிட்டு, ஒருவரும் சரிவராததால் அவரையே வைத்துக்கொண்டார்கள். ஒரு கிண்ணம் வென்ற சந்தோசத்தில் ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள்.

இதெல்லாம் யாருடைய காசு? மொறீன்யோவையும் அவருடைய ஆட்களையும் அனுப்பியதற்குக் கழகத்தின் கணக்கில் எழுதப்பட்ட நட்டஈடு 19.6 மில்லியன் பவுண். டென் ஹாக்குக்கும் அவருடைய குழுவுக்கும் 10.4 மில்லியன். அமோரிமை ஸ்போர்ட்டிங்கிலிருந்து எடுக்க 11 மில்லியன் யூரோ அளவில். நியூகாசிலில் இருந்து மாதக்கணக்காகக் காத்திருந்து, காசும் கட்டி எடுத்த விளையாட்டுப் பணிப்பாளர் டான் அஷ்வர்த் ஐந்தே மாதத்தில் போனார். அதே காலத்தில்தான் சிக்கனம் என்று சொல்லி 250 ஊழியர்களை வேலையால் நிறுத்தினார்கள். பிறகு இன்னும் 200 பேர் வரை என்று அறிவித்தார்கள். பணியாளரின் இலவச மதியச் சாப்பாடும் நின்றது. 2024 பருவத்தின் நடுவில் மிச்ச ரிக்கெற் விலையை 66 பவுண் ஆக்கினார்கள். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லை.

அதனால்தான் முகாமையாளர் தேர்வை நான் பகிடியாக எடுப்பதில்லை. தெரிவு செய்தவர்களின் பிழைக்குத் தண்டனை கட்டுவது சமையலறையில் வேலை செய்கிற மனுசியும், பேரப்பிள்ளையோடு மைதானத்துக்கு வருகிற கிழவனும்.

நேரம் கொடுங்கோ எண்டு சொல்லுறது

"ஃபெர்குசனுக்கும் முதல் கிண்ணத்துக்கு மூன்றரை வருசம் எடுத்தது, நேரம் கொடுக்கவேணும்." இது எல்லா விவாதத்திலும் வரும் வசனம். உண்மைதான். 1986 நவம்பரில் வந்தார், 1990இல்தான் எஃப்.ஏ கிண்ணம். நடுவில் பதினொராம் இடம், பதின்மூன்றாம் இடம் எல்லாம் வந்தது. முதல் லீக் பட்டம் 1993இல்.

ஆனால் அந்த மூன்றரை வருசத்தில் அவர் என்ன செய்தார்? இளையோர் அணியைத் திருப்பிக் கட்டினார். ஆள் தேடும் முறையை மாற்றினார். குடிப்பழக்கத்தோடு இருந்த மூத்த வீரர்களை விற்றார். மேலே இருந்தவர்களுக்கு, புள்ளிப்பட்டியலில் தெரியாத ஒன்று கீழே நடக்குது என்று தெரிந்திருந்தது. அதுக்காகத்தான் பொறுத்தார்கள். பொறுமைக்கு ஒரு காரணம் இருந்தது.

காரணம் இல்லாத பொறுமையை என்ன செய்வது? இப்போது உதைபந்தாட்டப் பொறுப்பை வைத்திருக்கிற ஜிம் ரட்கிளிஃப், அமோரிமுக்கு மூன்று வருசம் கொடுக்கவேணும் என்று 2025 ஒக்டோபரில் சொன்னார். மூன்று மாதத்தில் அமோரிம் இல்லை. மூன்று வருசத்தில் எதை எதிர்பார்த்தார்கள், மூன்று மாதத்தில் எது உடைந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நேரம் கொடுக்கிறதும் பறிக்கிறதும் மனநிலையைப் பொறுத்தே நடக்குது.

முகாமையாளரா, பயிற்றுநரா?

அமோரிம் போவதற்கு முதல் நாள், லீட்ஸுடனான சமநிலைக்குப் பிறகு, தான் இங்கே முகாமையாளராக வந்தேன், வெறும் பயிற்றுநராக வரவில்லை என்று சொன்னார். ஆனால் 2024இல் கழகம் அவரை அறிவித்தபோது கொடுத்த பதவிப்பெயர் தலைமைப் பயிற்றுநர். யுனைட்டட்டில் அந்தப் பெயரோடு வந்த முதல் ஆள் அவர்.

இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் நினைக்கலாம். இல்லை. ஃபெர்குசன் பாணி முகாமையாளர் என்றால் யாரை வாங்குவது, யாரை விற்பது, இளையோர் அணி, மருத்துவம் வரைக்கும் அவருடைய சொல்தான். தலைமைப் பயிற்றுநர் என்றால் கொடுத்த அணியை வடிவாகப் பயிற்றுவித்து ஆடவைப்பது வேலை. வாங்குவதும் விற்பதும் பணிப்பாளரின் பொறுப்பு. இரண்டு முறையிலும் கழகங்கள் வென்றிருக்கின்றன. ஒரு முறைக்கு ஆள் எடுத்துவிட்டு மறு முறையில் வேலை வாங்கினால் ஒருநாளும் சரிவராது. பதினாலு மாதம் வேலை செய்த ஒருவருக்கும் வேலை கொடுத்தவர்களுக்கும் அந்த வேலை என்ன என்பதிலேயே உடன்பாடு இல்லை என்றால், பிழை நேர்முகத்தேர்வு நடந்த அறையிலேயே தொடங்கியிருக்கிறது.

எங்கட ஊர்க் கழகங்களிலும் இது இருக்குத்தானே? கோச் என்று ஒருத்தரைப் போடுவார்கள், ஆனால் இறுதிப்போட்டிக்கு யார் இறங்குவது என்பதைத் தலைவரும் செயலாளரும் முடிவெடுப்பார்கள். தோற்றால் மட்டும் கோச்சின் பிழை.

ஒழுங்காகத் தெரிவு செய்தவர்கள்

பிரைட்டனைப் பாருங்கள். 2019இல் கிறிஸ் ஹியூட்டன் அவர்களைப் பிரிமியர் லீக்கில் காப்பாற்றித்தான் இருந்தார். ஆனால் பந்தை வைத்து ஆடும் அணியாக மாறவேணும் என்று கழகம் முதலில் முடிவெடுத்தது. பிறகுதான் அதுக்கு ஏற்ற கிரேயம் பொட்டரைக் கூட்டிவந்தது. 2022 செப்டெம்பரில் பொட்டரை செல்சி தூக்கியது. பத்து நாளில் டி செர்பி வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் ஆறாம் இடம், வரலாற்றிலேயே முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி. ஆள் மாறினார், பாதை மாறவில்லை. அடுத்த ஆள் யாராக இருக்கலாம் என்ற யோசனை, இருக்கிற ஆள் வெல்லும்போதே அங்கே நடக்கும்.

லிவர்பூலின் பெயரைச் சொல்ல எனக்கும் கசப்புத்தான், என்ன செய்யிறது. 2024 ஜனவரியில் குளொப் போகிறேன் என்றார். இருக்கிற வீரர்களுக்குப் பொருந்தக்கூடிய ஆள் யார் என்று தேடி, பலருக்குப் பெயரே தெரியாத ஆர்ன ஸ்லொட்டை எடுத்தார்கள். அந்தக் கோடையில் ஆடும் அணிக்கு வந்த புதியவர் கியேசா ஒருவர்தான். நாலு போட்டி மிச்சம் இருக்கச் சம்பியன். அடுத்த பருவத்தில் அதே ஸ்லொட் தடுமாறினார் என்பதும் உண்மை. நல்ல தெரிவு வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் தோற்றால் எங்கே பிழைத்தது என்று திரும்பிப் பார்க்க ஒரு கணக்காவது கையில் இருக்கும்.

முதலாளி கிளேசர் குடும்பமாக இருக்கும்வரை யார் வந்தும் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள். 2005இல் கடன் எடுத்துக் கழகத்தை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டியவர்கள் அவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கடன் ஒருவரையும் மார்ச் மாதத்தில் அவசர ஒப்பந்தம் எழுதச் சொல்லவில்லை. விங்க்பெக் இல்லாத அணிக்கு விங்க்பெக் கேட்கிற பயிற்றுநரைப் பருவத்தின் நடுவில் எடுக்கச் சொன்னதும் கடன் இல்லை. கொழுத்த முதலாளியின் கீழும் வேலை தெரிந்தவர்கள் வேலையைச் சரியாகச் செய்யலாம்.

அப்ப என்ன செய்யவேணும்?

பெயர் எடுக்கும் முதல் மூன்று விசயத்தை எழுதிவைக்க வேண்டும். ஒன்று, எங்கள் ஆட்டம் எது. பதினாறு வயது அணியிலிருந்து மேல்வரை அதையே ஆடுவோமா? இரண்டு, வருகிறவரின் அதிகாரம் எங்கே முடிகிறது, வாங்குவதில் கடைசிச் சொல் யாருடையது? மூன்று, முதல் வருசம் எது நடந்தால் திருப்தி, எது நடந்தால் நிறுத்துவோம்? இந்த மூன்றுக்கும் பதிலை வைத்துக்கொண்டு பிறகு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அந்த வரிசையில் கரிக்கும் வரட்டும். ஐந்து லீக் பட்டம் வென்ற வீரர், கழகத்தை அறிந்தவர். மிடில்ஸ்பரோவில் இரண்டரை வருசம் தனியாகப் பொறுப்பில் இருந்திருக்கிறார்: 21ஆம் இடத்தில் கிடந்த அணியை முதல் பருவத்திலேயே நாலாம் இடத்துக்குக் கொண்டுவந்தார், பிறகு எட்டு, பிறகு பத்து, 2025 ஜூனில் நீக்கப்பட்டார். அந்த முழுக் கதையையும் படித்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, அவர்தான் பொருத்தம் என்றால் தாராளமாகக் கொடுங்கள், நான் கைதட்டுவேன். சிட்டியையும் ஆர்சனலையும் வென்ற இரண்டு சனி ஞாயிறை வைத்துக் கொடுக்காதீர்கள். பருவம் முடியும்வரை ஒரு பேனையையும் திறக்காதீர்கள்.

இன்று இருபது வயதான யுனைட்டட் ரசிகனுக்கு, கடைசி லீக் பட்டத்தின்போது ஏழு வயது. அண்ணாமாரும் மாமாமாரும் சொன்ன கதையை நம்பி, தான் பார்க்காத ஒரு அணிக்காக இரவு ஒன்றரைக்கு எழும்பி இருக்கிறான். அவனுக்கு ஏழாவது மீட்பர் தேவையில்லை.

கோடையில் புதிய ஆள் கழுத்தில் சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்பார். வழமைபோல நாங்கள் அவருடைய முகத்தைத்தான் பார்ப்போம். இந்தமுறை கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறவர்களையும் பாருங்கோ. ஏன் இவரை எடுத்தோம் என்று அவர்களால் முன்னவரின் பெயரைச் சொல்லாமல் விளக்க முடிந்தால், இரவு முழிச்சிருக்க ஒரு காரணம் இருக்கு.